கணக்கு இருக்கிறது, வங்கி எங்கே?

புதுச்சேரிக்கு அருகே உள்ள மங்கலம் கிராமத்துக்கு இந்திய வங்கி வரலாற்றில் ஓர் இடம் உண்டு. எல்லாக் குடும்பங்களுக்கும் வங்கிக் கணக்கு தரப்பட்ட நாட்டின் முதல் கிராமம் என்று 2005 டிசம்பர் 30 அன்று அது அறிவிக்கப்பட்டது. கணக்குகளைத் திறந்து கொடுத்தது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி. அதன் அன்றைய தலைவர் கே.சி.சக்ரவர்த்தி பின்னாளில் ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநரானார். குறைந்தபட்ச இருப்பு கேட்காத, கேட்டாலும் பெயரளவுக்குக் கேட்கிற எளிய கணக்கு ஒன்றை எல்லா வங்கிகளும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது அதற்கு முந்தைய மாதம்தான். ‘ஜீரோ பேலன்ஸ் அக்கவுன்ட்’ என்று இன்று ஊர்ப்புறங்களிலும் சரளமாகச் சொல்லப்படும் கணக்கின் தொடக்கம் அது.

இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. உலக வங்கியின் கணக்கெடுப்புப்படி 2011-ல் இந்தியாவில் வயதுவந்தோரில் 35% பேருக்குத்தான் கணக்கு இருந்தது. 2017-ல் அது 80% ஆனது. 2024-ல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் 89%. கணக்கு இல்லாதவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டோம். இவ்வளவு குறுகிய காலத்தில் இத்தனை கோடிப் பேரை வங்கிக்குள் அழைத்துவந்த நாடுகள் அதிகம் இல்லை. இதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால், வாசல் திறந்து உள்ளே அழைத்தவர்களை உட்காரச் சொன்னோமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

விதி சொல்வதும் கவுன்ட்டர் சொல்வதும்

2005-ல் வந்தது ‘நோ ஃப்ரில்ஸ்’ கணக்கு. ஒட்டு அலங்காரம் எதுவும் இல்லாத கணக்கு என்று பொருள். அந்தப் பெயரில் ஏழைக் கணக்கு என்ற வாடை அடித்ததாலோ என்னவோ, 2012 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி பெயரையும் உள்ளடக்கத்தையும் மாற்றியது. அடிப்படை சேமிப்பு வங்கி வைப்புக் கணக்கு என்பது புதிய பெயர். குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டியதில்லை. பணம் போடுவதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. ஏடிஎம் அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் கிடையாது. கணக்கு நீண்ட நாள் ஓடாமல் கிடந்தாலும், அதை மீண்டும் உயிர்ப்பிக்கக் கட்டணம் கேட்கக் கூடாது. மாதம் நான்கு முறை இலவசமாகப் பணம் எடுக்கலாம். வட்டி மற்ற சேமிப்புக் கணக்குகளுக்கு உள்ள அதே விகிதம். வங்கி முழுகிப்போனால் கிடைக்கும் ரூ.5 லட்சம் வைப்புக் காப்பீடும் அதேபோலத்தான்.

அந்த 2012 உத்தரவில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. இந்தக் கணக்கை எல்லோருக்குமான சாதாரண வங்கிச் சேவையாகக் கருத வேண்டும் என்கிறது அது. வயது, வருமானம் என்று எந்த நிபந்தனையும் விதிக்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் நிலைப்பாடு. அதாவது, மாதம் ரூ.80,000 சம்பளம் வாங்குபவரும் கேட்கலாம். பூக்கட்டி விற்கும் அம்மாவும் கேட்கலாம். நடப்பு வேறு. நகரத்துக் கிளை ஒன்றில் போய் ஜீரோ பேலன்ஸ் கணக்கு வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். “அது ஜன் தன்காரங்களுக்கு மட்டும்தான் சார்” என்பார் ஒருவர். “அதுல வசதி ஒண்ணும் இருக்காது, ரெகுலர் அக்கவுன்ட்டே போட்டுடுங்க” என்பார் இன்னொருவர். இப்படித்தான் தேவையுள்ள பலரும் குறைந்தபட்ச இருப்பு கேட்கும் கணக்குக்குள் தள்ளப்படுகிறார்கள். கிளையில் வேலை பார்ப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்தக் கணக்கு எத்தனை திறந்தாய் என்று மேலிடம் கேட்கும் இலக்குப் பட்டியலில் இந்தக் கணக்குக்குப் பெரிய மதிப்பு கிடையாது.

எல்லாக் குடும்பங்களுக்கும் இந்த அடிப்படைக் கணக்கைத் திறந்து தரும் மத்திய அரசின் ஜன் தன் திட்டம் 2014 ஆகஸ்ட் 28 அன்று தொடங்கப்பட்டபோது மட்டும் நிலைமை தலைகீழாக இருந்தது. அந்த ஒரு வாரத்தில் 1.80 கோடிக் கணக்குகள் திறக்கப்பட்டு கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தன. வேகம் அப்படி என்றால் விளைவும் அப்படித்தான் இருக்கும். எத்தனை கணக்குகளில் பணமே இல்லை என்ற கேள்வி எழுந்தபோது, வங்கி ஊழியர்களே கணக்குக்கு ஒரு ரூபாய் போட்டு எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டிய விவகாரம் 2016 செப்டம்பரில் பத்திரிகைகளில் வெளிவந்தது. பணமதிப்பு நீக்கம் வந்த அதே ஆண்டு நவம்பரில், பிறருடைய பழைய நோட்டுகளைக் கரைக்கும் இடமாக இந்தக் கணக்குகள் பயன்படுகின்றன என்ற சந்தேகத்தில், ஜன் தன் கணக்குகளில் மாதம் ரூ.10,000-க்கு மேல் எடுக்க ரிசர்வ் வங்கி தடை போட்டது. யாரோ சிலர் செய்த தவறுக்காக, தன் சொந்தக் கூலிப் பணத்தை எடுக்க வந்தவரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

கைக்கு வந்த நன்மை

இந்தக் குறைகளை எல்லாம் அடுக்கினாலும், கணக்கு தந்த நன்மை கண்கூடானது. முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வந்த காலம் பலருக்கும் நினைவிருக்கும். தபால்காரர் நல்லவராக இருந்தால் முழுத் தொகை. இல்லையென்றால் ‘டீ செலவு’ போக மீதி. நூறு நாள் வேலைக் கூலியைக் கையில் கொடுத்த தொடக்க ஆண்டுகளில் வேலைக்கே வராதவர் பெயரிலும் கூலி போன கதைகள் நாடெங்கும் உண்டு. பயனாளியின் பெயரில் ஒரு கணக்கு, அதில் நேரடியாகப் பணம் என்றானபோது இடையில் நின்ற கைகள் குறைந்தன. முற்றிலும் ஒழிந்தன என்று சொல்ல மாட்டேன், குறைந்தன.

2020 ஊரடங்கின்போது ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று மாதம், மாதம் ரூ.500 வீதம், ஏறத்தாழ 20 கோடிப் பெண்களின் ஜன் தன் கணக்குகளுக்கு மத்திய அரசு பணம் அனுப்பியது. தொகை சிறியது. ஆனால், சாலையில் நடமாட்டமே இல்லாத நாள்களில் அத்தனை வீடுகளுக்குப் பணத்தைக் கொண்டுசேர்க்க அன்று நம்மிடம் வேறு வழி இருந்ததா என்று யோசித்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையும் அப்படித்தான். தொடக்கத்திலேயே ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் ரூ.1,000 என்பது கணக்குகள் ஏற்கெனவே பரவியிருந்ததால்தான் சாத்தியமானது.

ஜன் தன் கணக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை பெண்களுடையவை. இதன் அருமையைப் புள்ளிவிவரத்தில் பார்க்க முடியாது. அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப் பெட்டிக்கு அடியிலும் இருந்த பணம் குடிக்கும் கணவனின் கைக்கு எட்டும். ரகசிய எண் தனக்கு மட்டும் தெரிந்த ஏடிஎம் அட்டை அவ்வளவு சுலபமாக எட்டாது. ரூ.300 ஆனாலும் தன் பெயரில் இருக்கிறது என்ற நிம்மதிக்காகவே கணக்கைக் காப்பாற்றி வைத்திருக்கும் பெண்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்.

இன்னொரு நன்மை, அபராதத்திலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு. இதன் மதிப்பை உணர, சாதாரணக் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். பாரத ஸ்டேட் வங்கி சில ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2017 ஏப்ரலில் குறைந்தபட்ச இருப்புக்கான அபராதத்தை மீண்டும் கொண்டுவந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான எட்டு மாதங்களில் மட்டும் அப்படி வசூலானது ரூ.1,771 கோடி. அந்த ஆண்டின் ஜூலை - செப்டம்பர் காலாண்டில் அந்த வங்கி ஈட்டிய நிகர லாபத்தைவிட இது அதிகம். எதிர்ப்பு வலுத்து, தொகை குறைக்கப்பட்டு, கடைசியில் 2020 மார்ச்சில் அபராதமே கைவிடப்பட்டது. மற்றப் பொதுத் துறை வங்கிகள் விடவில்லை. 2023-24 வரையிலான ஐந்து ஆண்டுகளில் பொதுத் துறை வங்கிகள் இந்த வகையில் வசூலித்தது சுமார் ரூ.8,500 கோடி என்று நாடாளுமன்றத்திலேயே அரசு தெரிவித்தது. கணக்கில் ரூ.2,000 வைக்க முடிந்தவர் இந்த அபராதத்தைக் கட்டவில்லை. வைக்க முடியாதவர்தான் கட்டினார். இல்லாததற்காக இல்லாதவரிடமே வாங்கிய பணம் அது.

உரிமைத் தொகையின் முதல் தவணை வந்த வாரத்தில் தமிழ்நாடு இதைக் கண்ணால் கண்டது. கணக்கில் விழுந்த ரூ.1,000-ஐ, பழைய மினிமம் பேலன்ஸ் பாக்கி, குறுஞ்செய்திக் கட்டணம் என்று சில வங்கிகள் பிடித்துக்கொண்டன. செல்போனில் பணம் வந்த செய்தியைப் பார்த்து வங்கிக்குப் போன பெண்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். இப்படிப் பிடிக்கக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு எச்சரிக்க வேண்டியிருந்தது. புகார் சொல்ல 1100 என்ற உதவி எண் அறிவிக்கப்பட்டது. அந்தப் பெண்களின் கணக்கு அடிப்படைக் கணக்காக இருந்திருந்தால் மினிமம் பேலன்ஸ் பாக்கி என்ற பேச்சே எழுந்திருக்காது.

நான்கு முறைக்கு மேல்

இனி, மறுபக்கம். அடிப்படைக் கணக்கின் மிகப் பெரிய குறை, மாதம் நான்கு முறைதான் இலவசமாக எடுக்கலாம் என்ற வரம்பு. முதலில் 2012 விதி இதை உச்ச வரம்பாகவே வைத்திருந்தது. 2019 ஜூனில் ரிசர்வ் வங்கி அதைத் திருத்தி, குறைந்தது நான்கு முறையாவது இலவசமாகத் தர வேண்டும் என்று மாற்றியது. சொல் மாறியது, பெரும்பாலான கிளைகளில் நடைமுறை மாறவில்லை.

நான்கு என்ற எண் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தாராளமாகத் தோன்றும். மாதச் சம்பளக்காரருக்கு அது போதும்தான். வாரக் கூலிக்காரரின் கணக்கு வேறு. சனிக்கிழமை கூலி விழும். அன்று மளிகைக்கு ரூ.700 எடுப்பார். செவ்வாய்க்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ரூ.300. மொத்தமாக எடுத்து வீட்டில் வைத்தால் செலவாகிவிடும் என்று தெரிந்தே கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதுதான் அவருடைய சேமிப்பு முறை. மாதத்தின் இரண்டாவது வாரத்திலேயே அவருடைய நான்கு முறை தீர்ந்துவிடும். ஏழையின் பழக்கம் எதுவோ அதற்கே கட்டணம் விதிக்கும் விதி இது.

இதைவிடக் கசப்பானது, பணமே எடுக்காமல் செல்போனில் அனுப்பியதையும் ‘எடுத்தல்’ என்று எண்ணிய கதை. மும்பை ஐஐடி பேராசிரியர் ஆஷிஷ் தாஸ் 2021-ல் வெளியிட்ட ஆய்வு இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. நான்கு முறைக்குப் பிறகான ஒவ்வொரு பற்றுக்கும் ரூ.17.70 வீதம், சுமார் 12 கோடி அடிப்படைக் கணக்குகளை வைத்திருந்த பாரத ஸ்டேட் வங்கி 2015 முதல் 2020 வரை ரூ.300 கோடிக்கு மேல் வசூலித்தது என்றது அந்த ஆய்வு. யுபிஐ பரிவர்த்தனையும் இதில் அடக்கம். மின்னணுப் பணத்துக்கு மாறுங்கள் என்று ஒருபுறம் விளம்பரம், ரூ.20-க்குக் காய்கறி வாங்கிவிட்டு யுபிஐயில் பணம் கொடுத்தால் மறுபுறம் ரூ.17.70 பிடித்தம். குறிப்பிட்ட மின்னணு வழிகளில் 2020 ஜனவரி 1 முதல் வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தருமாறு மத்திய நேரடி வரிகள் வாரியம் அதே ஆண்டு ஆகஸ்டில் வங்கிகளுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டுகளில் போனது போனதுதான்.

ஐந்தாண்டு தாமதமாக என்றாலும், 2025 டிசம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட திருத்த விதிகள் இந்த ஓட்டையை அடைக்கின்றன. யுபிஐ, ஐஎம்பிஎஸ், நெஃப்ட், கடைகளில் அட்டை தேய்ப்பது எதையும் அந்த நான்கில் சேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு 25 தாள் கொண்ட காசோலைப் புத்தகம், இணைய வங்கி, செல்போன் வங்கி ஆகியவற்றையும் இலவசமாகத் தர வேண்டும். 2026 ஏப்ரல் 1 நடைமுறைத் தேதி. நல்ல திருத்தம். ரொக்கத்துக்கான நான்கு முறை வரம்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

வங்கிகளின் வாதத்தையும் கேட்க வேண்டும், ஏனெனில் அதில் உண்மை இருக்கிறது. 2025 ஆகஸ்ட் நிலவரப்படி 56 கோடிக்கும் மேற்பட்ட ஜன் தன் கணக்குகளில் இருந்த தொகை சுமார் ரூ.2.68 லட்சம் கோடி. சராசரியாகக் கணக்குக்கு ரூ.4,700-க்குச் சற்று மேல். இந்தத் தொகையைக் கடன் கொடுத்து, நூற்றுக்கு மூன்று ரூபாய் வங்கிக்கு நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ரூ.140 கிடைக்கும். வாடிக்கையாளர் வேறு வங்கி ஏடிஎம்மில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவருடைய வங்கி அந்த ஏடிஎம் வங்கிக்கு ரூ.19 தர வேண்டும் (2025 ஏப்ரல் வரை ரூ.17). மாதம் நான்கு முறை என்றால் ஆண்டுக்கு ரூ.912. அட்டை அச்சிடும் செலவும் பாஸ்புக் செலவும் தனி. இந்தக் கணக்குப்படி பார்த்தால் ஒவ்வோர் அடிப்படைக் கணக்கும் வங்கிக்கு நஷ்டம்தான்.

ஆனால், கணக்கை இன்னொரு பக்கமாகவும் போடலாம். ரூ.2.68 லட்சம் கோடியை வெறும் 2.5 சதவீத வட்டியில் யார் தருகிறார்கள்? நிரந்தர வைப்பு என்று வாங்கினால் ஆறு சதவீதத்துக்கு மேல் கொடுக்க வேண்டிய பணம் அது. பெரும் பணக்காரரின் வைப்பைப் போலக் கால் சதவீதம் அதிகம் கிடைக்கிறது என்று அடுத்த வங்கிக்கு ஓடிவிடுகிற பணமும் இல்லை. இந்தப் பங்களிப்பை எந்தக் கிளை மேலாளரும் கவுன்ட்டருக்கு முன்னால் பாஸ்புக்கோடு நிற்கும் பெண்ணின் முகத்தில் பார்ப்பதில்லை. செலவை மட்டுமே பார்க்கிறார்.

சுமை சமமாகப் பகிரப்படவில்லை என்பதும் உண்மை. அந்த 56 கோடியில் தனியார் வங்கிகளிடம் இருப்பவை இரண்டு கோடிக்கும் குறைவு. நாட்டின் மிக லாபகரமான வங்கிகள் சில அந்தத் தரப்பில்தான் இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி, நகரங்களில் புதிதாகக் கணக்கு தொடங்குவோர் சராசரியாக ரூ.50,000 இருப்பு வைக்க வேண்டும் என்று அறிவித்துவிட்டு, எதிர்ப்பைக் கண்டு ரூ.15,000-ஆகக் குறைத்தது. குறைந்தபட்ச இருப்பை முடிவுசெய்வது அந்தந்த வங்கியின் விருப்பம் என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் சொல்லி ஒதுங்கிக்கொண்டார். அதே ஆண்டில் கனரா, இந்தியன், பஞ்சாப் நேஷனல், பரோடா வங்கிகள் அபராதத்தைக் கைவிட்டதையும் சேர்த்துப் பார்த்தால், யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பது விளங்கும்.

கடன் எங்கே?

வங்கி என்றால் பணம் போட்டு எடுக்கும் இடம் மட்டுமா? அவசரத்துக்குக் கடன் கிடைக்கும் இடமும் அதுதானே? 1989-ல் தருமபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் தொடங்கியபோது அதன் அச்சாணியே கடன்தான். முதலில் சிறுகச் சேமி, அந்தச் சேமிப்பைக் காட்டிக் கடன் வாங்கு, ஆடு மாடு வாங்கு. குழுவின் பெயரில் இருந்த கணக்கு அவர்களை வங்கியின் வாடிக்கையாளர்களாக ஆக்கியது.

ஜன் தன் கணக்கும் அப்படி ஒரு வாக்குறுதியோடுதான் வந்தது. ஆறு மாதம் ஒழுங்காகக் கணக்கை நடத்தினால் மிகைப்பற்று, அதாவது இருப்பைவிடக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் சிறு கடன், கிடைக்கும் என்றார்கள். 2018-ல் அந்த வரம்பு ரூ.5,000-லிருந்து ரூ.10,000-ஆக உயர்ந்தது, ரூ.2,000 வரை நிபந்தனை இல்லை. பெற்றவர்கள் மிகச் சிலரே. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் ரூ.2,000 கிடைத்தால் போதும், தண்டல்காரரிடம் போக வேண்டாம் என்ற நிலையில் உள்ள குடும்பங்கள் எத்தனை! அவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்து கேட்டவருக்குக் கிளை தருவதில்லை. வாரத் தவணை நுண்கடன் நிறுவனத்தார் வீட்டு வாசலில் வந்து உட்காருவதற்கு இந்த வெற்றிடமும் ஒரு காரணம். கணக்கு வங்கியில், கடன் வெளியில் என்பதுதான் இன்றும் நிலைமை.

காப்பீடும் கிட்டத்தட்ட அதே கதிதான். ஜன் தன் கணக்கோடு வரும் ரூபே அட்டைக்கு விபத்துக் காப்பீடு உண்டு. 2018 ஆகஸ்ட் 28-க்குப் பிறகு திறந்த கணக்குகளுக்கு ரூ.2 லட்சம். ஆனால், விபத்துக்கு முந்தைய 90 நாள்களுக்குள் அந்த அட்டையை ஒருமுறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். அட்டையைப் பத்திரமாகப் பீரோவில் பூட்டி வைத்தவரின் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்காது. அட்டையைக் கொடுக்கும்போது இந்த ஒற்றை வரியை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்கள்?

ஆவணம் எதுவும் இல்லாதவருக்காக ‘சிறு கணக்கு’ என்று ஒரு துணை வகையும் இருக்கிறது. புகைப்படமும் கையெழுத்தோ கைநாட்டோ போதும். அதில் எந்த நேரத்திலும் ரூ.50,000-க்கு மேல் இருப்பு இருக்கக் கூடாது, ஆண்டுக்கு ரூ.1 லட்சத்துக்கு மேல் வரவு கூடாது, மாதம் ரூ.10,000-க்கு மேல் எடுக்கக் கூடாது. ஓராண்டுதான் ஆயுள்; ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னும் ஓராண்டு. ஆதார் பரவிய பிறகு இந்த வகைக்குத் தேவை குறைந்துவிட்டது. இருந்தாலும், தன் கணக்கு எந்த வகை என்றே தெரியாமல் வைத்திருந்து, குழுக் கடனோ நிலம் விற்ற பணமோ வந்து விழும்போது கணக்கு முடங்கிப் பரிதவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

முடங்குவதற்கு வேறு வழிகளும் உண்டு. இரண்டு ஆண்டு வாடிக்கையாளர் தாமாக எதுவும் செய்யாவிட்டால் கணக்கு செயலற்றதாகிவிடும். 2025 நடுப்பகுதியில் 13 கோடி ஜன் தன் கணக்குகள், ஐந்தில் ஒன்றுக்கும் மேல், அந்த நிலையில் இருந்தன. அரசின் உதவித்தொகைக்காகத் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்குகளை அப்படி முடக்கக் கூடாது என்று 2024 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை கேஒய்சி எனப்படும் அடையாள விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. 2014-15-ல் ஒரே மூச்சில் திறந்த கோடிக்கணக்கான கணக்குகளுக்கு ஒரே நேரத்தில் அந்தக் கெடு வந்தது. 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊராட்சிதோறும் முகாம் போட்டார்கள். முகாம் நடந்த நாளில் திருப்பூருக்கோ கேரளத்துக்கோ வேலைக்குப் போயிருந்தவர் என்ன செய்வார்?

செயலற்றுக் கிடக்கும் கணக்குகள் வேறொரு சந்தைக்கும் போகின்றன. “உங்க அட்டையையும் சிம்மையும் கொடுங்க, மாசம் ஐயாயிரம் தர்றேன்” என்று சொல்லி வாங்கிப்போகும் தரகர்கள், இணைய மோசடிப் பணத்தைக் கடத்த அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். போலீஸ் வரும்போது கணக்குக்காரரின் வீட்டுக்குத்தான் வரும்.

கைவிட்ட ஒரு யோசனை

இத்தனைக்கும் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ரகுராம் ராஜன் ஆளுநராக இருந்தபோது, 2014 ஏப்ரல் 1-ஆம் தேதி நிதிக் கொள்கை அறிக்கையில் ரிசர்வ் வங்கி ஒரு யோசனை சொன்னது. சாதாரண சேமிப்புக் கணக்கில் இருப்பு குறைந்தால் அபராதம் போட வேண்டாம்; அந்தக் கணக்கின் வசதிகளை அடிப்படைக் கணக்கின் அளவுக்குக் குறைத்துவிடுங்கள்; இருப்பு ஏறியதும் பழைய வசதிகளைத் திருப்பிக் கொடுங்கள். வாடிக்கையாளரின் கஷ்டத்தையோ கவனக்குறைவையோ வங்கிகள் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளக் கூடாது என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம்.

எவ்வளவு நியாயமான ஏற்பாடு! வசதிக்கு ஏற்ற சேவை, அபராதம் கிடையாது. ஆனால், அதே ஆண்டு நவம்பரில் வந்த விரிவான வழிகாட்டுதல் வேறு பாதையில் போனது. முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, பற்றாக்குறைக்கு ஏற்ற விகிதத்தில் அபராதம் வாங்கிக்கொள்ளலாம். அபராதத்தால் மட்டும் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடக் கூடாது என்றது அது. வங்கிகள் பிடித்துக்கொண்டது இந்த இரண்டாவது வழியை. பிறகு அவை வசூலித்த கோடிகளைத்தான் மேலே பார்த்தோம்.

அந்த முதல் யோசனைக்கே திரும்பிப் போக வேண்டும் என்பது என் கருத்து. எல்லாச் சேமிப்புக் கணக்கும் அடிப்படைக் கணக்காகவே தொடங்கட்டும். கூடுதல் வசதி வேண்டுபவர் கேட்டு வாங்கி, அதற்கு விலையும் கொடுக்கட்டும். ரொக்கம் எடுக்கும் நான்கு முறை வரம்பைச் சொந்த வங்கியின் ஏடிஎம்முக்கும், வங்கியின் சார்பில் ஊரிலேயே பணம் தரும் வங்கித் தொடர்பாளருக்கும் பொருந்தாமல் செய்யலாம். வேறு வங்கி ஏடிஎம்முக்கு மட்டும் வரம்பு வைத்தால் வங்கிகளின் நியாயமான செலவுக் கவலையும் தீரும். தனியார் வங்கிகளுக்குக் கிளை எண்ணிக்கைக்கு ஏற்ப அடிப்படைக் கணக்கு இலக்கு வேண்டும். ரூ.2,000 மிகைப்பற்றை மேலாளரின் மனசுக்கு விடாமல், ஆறு மாத வரவு செலவைப் பார்த்துக் கணினியே அனுமதிக்கும்படி செய்வது இன்றைய தொழில்நுட்பத்தில் பெரிய காரியம் ஒன்றும் இல்லை.

அடிப்படைக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தும் என்றும் சொல்ல மாட்டேன். வாரத்துக்கு மூன்று நான்கு முறை ரொக்கம் எடுத்துக் கூலி பட்டுவாடா செய்யும் சிறு ஒப்பந்ததாரருக்கு இது சரிப்படாது. அதே வங்கியில் இந்தக் கணக்கோடு இன்னொரு சேமிப்புக் கணக்கும் வைத்துக்கொள்ள முடியாது. ஏற்கெனவே இருந்தால் 30 நாளில் மூட வேண்டும். இதைத் தெரிந்துகொண்டுதான் மாற வேண்டும். ஓய்வூதியத்தைத் தவிர வேறு வரவு இல்லாத பெரியவர்கள், கல்லூரி மாணவர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், உரிமைத் தொகைக்காக மட்டுமே கணக்கு வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு இதைவிட நல்ல கணக்கு கிடையாது.

எனவே, இந்த வாரம் வீட்டில் உள்ள பாஸ்புக்குகளை எடுத்துப் பாருங்கள். மினிமம் பேலன்ஸ் என்ற பெயரில் ஏதாவது பிடித்திருந்தால், ‘என் சேமிப்புக் கணக்கை அடிப்படை சேமிப்பு வங்கி வைப்புக் கணக்காக மாற்றித் தரவும்’ என்று ஒரு தாளில் எழுதிக் கிளையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். புதிய விதிப்படி ஏழு நாளில் மாற்றித் தர வேண்டும். வீட்டில் வேலை செய்பவருக்கும், எழுதத் தெரியாத பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் நீங்களே எழுதிக் கொடுக்கலாம். வங்கி மறுத்தால் அங்கேயே புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை. எப்படிப் புகார் செய்வது என்று கேட்க 14448 என்ற இலவச எண் இருக்கிறது.